விரத நாளில் கொஞ்சம் எண்ணெய்

1

எங்கள் குடும்பத்தில் ஒரு சாம்பாரை முன்னிட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் பதினோரு வருடம் பேசாமல் இருந்தார்கள். அண்ணன் என் பெரியப்பா. தம்பி என் அப்பா.

அன்றைக்குத் தாத்தாவின் திவசம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில்தான் நடந்தது. பெரியப்பா அதற்கு நான்கு வருடம் முன்பு சிவதீட்சை வாங்கியிருந்தார். காலையும் மாலையும் பூஜை, நெற்றி நிறைய விபூதி, வெளியில் எங்கும் கை நனைக்க மாட்டார். வெங்காயம், பூண்டு அறவே கிடையாது. அப்பா அப்படியில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார். பிரகாரத்தில் தெரிந்தவர் யாராவது அகப்பட்டால் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சாமி கும்பிட மறந்து வீடு திரும்புவார். சமையலுக்கு ஒத்தாசையாக வந்த பக்கத்து வீட்டு அக்கா பழக்கதோஷத்தில் சாம்பாரில் நாலு சின்ன வெங்காயத்தைப் போட்டுவிட்டார். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சாம்பார் விழுந்த பிறகுதான் பெரியப்பா அதைப் பார்த்தார்.

"அண்ணே, தெரியாம நடந்துபோச்சு. அதை ஒதுக்கிட்டு ரசம் ஊத்திக்கிடுங்க" என்றார் அப்பா. அதோடு முடிந்திருக்கும். நான் அப்போது பொறியியல் இரண்டாம் வருடம். உலகத்தில் எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த வயசு. "சாமிக்கு வெங்காயம் ஆகாதுன்னு எந்த மேனுவல்ல போட்டிருக்கு பெரியப்பா?" என்று கேட்டேன். பந்தியில் இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா இலையை மடிக்காமல் எழுந்து போனார்.

பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. ஆறு வருடம் முன்பு இறந்துபோனார்.

அந்தச் சாவுக்குப் போய்விட்டு பெங்களூர் திரும்பிய சில மாதங்களில்தான் செகாவின் 'கொலை' கதையை வாசித்தேன். 1895-ல் வெளியான நீண்ட கதை. 'நாய்க்காரச் சீமாட்டி', 'ஆறாவது வார்டு' அளவுக்கு நம்மிடையே பேசப்படாதது. ரயிலில் வாசிக்க ஆரம்பித்து, பாதியில் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைப் பற்றியும், அதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னும் இரண்டு கதைகளைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

2

ஊரே சாமி கும்பிடுகிற ஒரு சமூகத்தில் எல்லோரும் ஒரே மாதிரி கும்பிடுவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த வித்தியாசத்தை நாம் எப்படிக் கற்பனை செய்கிறோம்? பெரும்பாலும் போனில் இருக்கிற வால்யூம் ஸ்லைடர் மாதிரி. ஒரு கோடியில் நாத்திகர், மறுகோடியில் சாமியார், நடுவில் நம் எல்லோருக்கும் ஆளுக்கொரு எண். "அவரு ரொம்ப பக்தி", "இவருக்கு அவ்வளவா கிடையாது" என்றெல்லாம் பேசும்போது அந்த எண்ணைத்தான் படித்துச் சொல்கிறோம். அப்படி ஒரு எண் உண்மையில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருந்தாலும் அதை வெளியிலிருந்து படிக்க முடியுமா என்பது இன்னொரு கேள்வி. செகாவ் இந்த இரண்டாவது கேள்வியைத் தன் எழுத்துக்காலம் முழுக்க விடாமல் கேட்டவர்.

அவருக்கு மதநம்பிக்கை கிடையாது. அதே சமயம் அவர் மதத்துக்கு வெளியே வளர்ந்தவரும் இல்லை. அப்பா பாவெல் தாகன்ரோக் நகரில் மளிகைக்கடை வைத்திருந்தவர், அடங்காத பக்தர். பிள்ளைகளைத் தேவாலயப் பாடகர் குழுவில் நிறுத்தி, நேரங்காலம் பார்க்காமல் பாட வைத்தார். கேட்டவர்கள் உருகினார்கள் என்றும், பாடிய தாங்களோ சின்னக் கைதிகள் மாதிரி உணர்ந்தோம் என்றும் பின்னாளில் ஒரு கடிதத்தில் செகாவ் எழுதினார். வெளியே இருந்து பார்த்தால் மூன்று பக்திமான் சிறுவர்கள், உள்ளே மூன்று கைதிகள். வெளித்தோற்றத்தை வைத்து பக்தியை அளக்க முடியாது என்பதை அவர் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவருடைய நாட்குறிப்பில் ஒரு பதிவு உண்டு. கடவுள் இருக்கிறார் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே ஒரு பெரிய வெளி கிடக்கிறது, ஞானியும் சிரமப்பட்டுத்தான் அதைக் கடக்கிறான், ரஷ்யர்களுக்கோ இரண்டு எல்லைகளில் ஒன்றுதான் தெரிகிறது, நடுவெளியில் அக்கறையில்லை என்கிற பொருளில் எழுதியிருப்பார். அவருடைய கதைகளில் வரும் விசுவாசிகள் பெரும்பாலும் இந்த நடுவெளியில் நடமாடுகிறவர்கள்தான்.

3

'கொலை' கதையின் தெரெகோவ் குடும்பத்துக்கு ஊரில் பட்டப்பெயரே பக்தர்கள் என்பதுதான். தலைமுறை தலைமுறையாகப் பக்தி முற்றிய குடும்பம். பாட்டி அவ்தோத்யா பழைய சம்பிரதாயக்காரி. பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை வழிபாட்டு முறைகளைத் திருத்தியபோது அதை ஏற்காமல் பிரிந்தவர்கள் உண்டு. சிலுவைக்குறி இடுவது இரண்டு விரலாலா, மூன்று விரலாலா என்பதும் அந்தப் பிரிவினையில் உயிர்போகிற விவகாரமாக இருந்தது. அந்த மரபில் வந்தவள். அவள் மகன் முதுமையில் இறைச்சியை விட்டு, பேச்சே பாவம் என்று மௌனவிரதம் பூண்டான். பேரர்களோ வேதத்தின் ஒவ்வொரு வரியிலும் மறைபொருள் தேடினார்கள்.

அந்தப் பேரர்களின் பிள்ளைகள்தான் யாகோவும் மத்வேயும். நம் முறையில் சொன்னால் பெரியப்பா, சித்தப்பா மக்கள். சாலையோரச் சத்திரம் நடத்துகிற யாகோவுக்குத் தேவாலயத்தில் திருப்தியில்லை. பாதிரிமார்கள் விதிப்படி எதையும் செய்வதில்லை என்று நினைக்கிறான். அதனால் வீட்டிலேயே, தங்கை அக்லாயாவோடு, விதி நூலில் உள்ளது உள்ளபடி வழிபாடு நடத்துகிறான். மத்வேய் உடம்பு சரியில்லாமல், வேலை போய், அதே வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவன். அவனும் ஒருகாலத்தில் யாகோவை மிஞ்சியவன்தான். பட்டினி கிடந்து, வெறுங்காலோடு நடந்து, உடம்பில் சங்கிலி சுமந்து, கடைசியில் தனக்கென்று ஒரு ஜெபக்கூடமே தொடங்கி, அதில் பெண்கள் ஆவேசம் வந்து அலறும் அளவுக்குப் போனவன். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கூப்பிட்டு, எல்லோரையும் போலச் சாப்பிடு, உடுத்து, ஜெபம் செய், அதற்கு மேல் போவதெல்லாம் பிசாசின் வேலை என்று அறிவுரை சொல்லித் திருப்பியிருக்கிறார். அதிலிருந்து மத்வேய் சாதாரணமானவன் ஆகிவிட்டான். இப்போது யாகோவையும் சாதாரணமாக்கப் பார்க்கிறான்.

அது தவக்காலம். ரஷ்ய மரபில் அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை கிடையாது. தாவர எண்ணெய்க்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயரே 'விரத எண்ணெய்'தான், ஆனால் கடுமையான நாட்களில் அதுவும் ஆகாது. அப்படி ஒரு நாளில் உருளைக்கிழங்கு சாப்பிட உட்கார்ந்த மத்வேய் எண்ணெய் வேண்டும் என்கிறான். இன்றைக்கு ஆகாது என்கிறான் யாகோவ். எனக்கு ஆகும் என்கிறான் இவன். வார்த்தை முற்றிக் கைகலப்பாகிறது. அக்லாயா அந்த எண்ணெய்ப் புட்டியாலேயே மத்வேயின் தலையில் அடிக்கிறாள். பிறகு இஸ்திரிப்பெட்டி. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதற்குப் பிறகு வருவது இன்னும் கொடுமை. நீதிமன்றம் இதைப் பண ஆதாயத்துக்காகச் செய்த கொலை என்று தீர்மானிக்கிறது. ஒரு கரண்டி எண்ணெய்க்காக ஒருவன் செத்திருக்கலாம் என்பது அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அடங்கவில்லை.

இதை மதவெறிக்கு எதிரான கதை என்று வாசிப்பது சுலபம். யாகோவ் வெறியன், மத்வேய் மிதவாதி, வெறி மிதவாதத்தைக் கொன்றது. நானும் முதல் பாதி வரை அப்படித்தான் வாசித்தேன். மத்வேய் வாயைத் திறக்கிற இடங்களை மறுபடி வாசித்தபோதுதான் சங்கடமாக இருந்தது. அவன் சும்மா இருப்பதில்லை. அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் மனம் திருந்தச் சொல்கிறான். பக்கத்து அறையில் பெருமூச்சு விடுகிறான், அது யாகோவின் ஜெபத்துக்குள் வந்து விழுகிறது. 'எல்லோரையும் போல' என்பது அவனைக் காப்பாற்றிய வாக்கியம். அதே வாக்கியத்தை அவன் இப்போது அடுத்தவன் தலையில் ஒரு கோலாக வைத்து அளக்கிறான். யாகோவ் விதி நூலை வைத்து ஊரை அளக்கிறான், மத்வேய் ஊரை வைத்து யாகோவை அளக்கிறான். ஒருவன் உச்சியில் நிற்கிறான், இன்னொருவன் நடுவில் நிற்கிறான் என்பதைத் தவிர இருவர் செய்வதும் ஒரே காரியம். உருளைக்கிழங்கில் விழுகிற எண்ணெய் பசிக்காக மட்டும் விழவில்லை. அதில் ஒரு வாதமும் இருக்கிறது.

நான் மொபைலைக் கவிழ்த்து வைத்தது இந்த இடத்தில்தான். அதுவரை எங்கள் வீட்டுக் கதையில் பெரியப்பாதான் தப்பு செய்தவர். நாலு வெங்காயத்துக்காகக் கூடப்பிறந்தவனை விட்டவர். அந்தப் பந்தியில் வெங்காயம் தெரியாமல் விழுந்தது, என் கேள்வி தெரிந்தே விழுந்தது. இதை நான் அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

4

இரண்டாவது கதை 'குடியானவர்கள்' (1897). மாஸ்கோ ஓட்டல் ஒன்றில் சர்வராக இருந்த நிகோலாய் நோயாளியாகி, மனைவி ஓல்கா, மகள் சாஷாவுடன் சொந்த ஊரான ஷூகவோவுக்குத் திரும்புகிறான். ஊரில் வறுமை, குடி, அடிதடி. இந்தக் கதையின் எட்டாவது பகுதியில் செகாவ் ஒரு வீட்டின் பக்தியை ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டு போகிறார். வீட்டுக் கிழவன் கடவுளை நம்புவதில்லை. காரணம் கொள்கை அல்ல, அவன் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. கிழவி நம்புகிறாள், ஆனால் மங்கலாக. பாவம், மரணம், மோட்சம் என்று யோசிக்க ஆரம்பித்ததும் வீட்டுக் கவலை வந்து அதை அடித்துக்கொண்டு போய்விடும். மருமகள்கள் சிலுவைக்குறி இடுகிறார்கள், வருஷா வருஷம் நோன்பு இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பிள்ளைகளுக்கு யாரும் ஜெபம் சொல்லித் தந்ததில்லை, விரத நாளில் இன்னது தின்னாதே என்பது மட்டும் தெரியும்.

அந்தத் தெரிந்ததை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது முன்னாலேயே ஒரு காட்சியாக வந்துவிடுகிறது. பாட்டி அடித்த கோபத்தில் சிறுமி மோத்கா, அவளுடைய விரதக் கிண்ணத்தில் தெரியாமல் பாலை ஊற்றிவிடுகிறாள். விரதம் முறிந்து கிழவி நரகத்துக்குப் போகட்டும். கிழவி அதைச் சாப்பிடுவதை இரண்டு சிறுமிகளும் கணப்படுப்பின் மேல் உட்கார்ந்து திருப்தியோடு பார்க்கிறார்கள். 'கொலை'யின் எண்ணெய்யும் இந்தப் பாலும் ஒரே பாத்திரத்திலிருந்து வருபவை என்று தோன்றுகிறது. பக்தி என்பது அடுத்தவர் இலையில் என்ன இருக்கிறது என்கிற கணக்காக மிஞ்சும்போது, குழந்தைக்கும் அது கைக்கு வாகான ஆயுதமாகிவிடுகிறது.

ஆனால் செகாவ் இங்கே நிற்பதில்லை. இத்தனை மங்கலான பக்திக்கு நடுவே அந்த ஊர் முழுக்க வேதாகமத்தை நேசிக்கிறது. கையில் புத்தகம் இல்லை, வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. ஓல்கா தினமும் சுவிசேஷம் வாசிப்பவள். அவளுக்குமே பாதி புரியாது. புரியாத பழஞ்சொற்கள் வரும்போதுதான் அவளுக்கு நெஞ்சு இளகும். தேவாரம் சொல்லும்போது அர்த்தம் தெரியாத இடத்தில் குரல் தழுதழுக்கிற ஆச்சிகளைப் பார்த்தவர்களுக்கு ஓல்காவைத் தெரியும். அவள் வாசிப்பதற்காக ஊர் அவளை மதிக்கிறது. வறுமையில் அவர்களுக்குச் சமமானவளையும், அவளுடைய பத்து வயது மகளையும், 'நீ' என்று சொல்லாமல் 'நீங்க' என்று அழைக்கிறார்கள்.

இந்தச் சின்ன மரியாதை விகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கேயும் பக்தியில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, ஊருக்கு அது தெரியவும் செய்கிறது. ஆனால் ஓல்கா தன்னிடம் உள்ளதை வைத்து யாரையும் குறைத்துப் பார்ப்பதில்லை, வாசித்துக் காட்டுகிறாள், அவ்வளவுதான். வித்தியாசம் அங்கே பங்கு போட்டுக்கொள்ளும் பொருளாக இருக்கிறது.

ஆகஸ்டில் தேவமாதாவின் திருவுருவப் படம் ஊர் ஊராக வருகிறது. புழுதி, நெரிசல், பாட்டு. கடவுளை நினைக்காத கிழவன், நினைப்பதற்குள் மறக்கிற கிழவி, குடித்துவிட்டுப் பெண்டாட்டியை உதைக்கிற கிர்யாக், எல்லோரும் கையை நீட்டி அழுகிறார்கள். உலகத்தைப் பணக்காரர்கள் முழுக்க எடுத்துக்கொண்டுவிடவில்லை, நமக்கும் கேட்க ஒரு நாதி உண்டு என்று அந்தக் கணத்தில் எல்லோருக்கும் புரிகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்லைடர் எங்கே இருந்திருக்கும்? வழிபாடு முடிந்து படம் போகிறது. சாராயக்கடையிலிருந்து பழையபடி கூச்சல் கேட்கிறது.

கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு, பார், எல்லாம் வெளிவேஷம் என்று சொல்லிவிடலாம். அழுகையை மட்டும் வைத்துக்கொண்டு, ஏழைகளின் தூய பக்தி என்று நெகிழ்ந்துகொள்ளவும் செய்யலாம். செகாவ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார், ஒன்றை வைத்து இன்னொன்றை ரத்து செய்வதில்லை. கிர்யாக்கின் மனைவி மார்யா அந்தப் படத்தின் முன் தேம்பி அழுகிறாள். அதே மார்யாவுக்குத் தேவாலயத்தில் டீக்கனின் கட்டைக்குரல் எழும்போதெல்லாம் புருஷன் தன் பெயரைச் சொல்லிக் கத்துவதாகத் தோன்றி உடம்பு நடுங்கும். அவளுக்குப் பக்தி குறைவு என்று எழுதுகிறவன், அந்த நடுக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவான்?

5

மூன்றாவது கதை 'புனித இரவில்' (1886). செகாவுக்கு இருபத்தாறு வயது. ஈஸ்டர் இரவு. ஆற்றின் மறுகரையில் மடாலயம், விளக்குகள், மணியோசை, ஜனக்கூட்டம். கதைசொல்லியைப் பரிசலில் அக்கரை சேர்க்கிற இயெரோனிம் மடத்தைச் சேர்ந்தவன். அன்றைக்கு அவனுடைய ஒரே நண்பன் நிகோலாய் இறந்துவிட்டான். நிகோலாய் துதிப்பாடல்கள் எழுதியவன். மடத்தில் அதை யாரும் மதிக்கவில்லை, சிலர் சிரித்தார்கள். அந்தப் பாட்டுகளின் ஒவ்வொரு சொல்லையும் ருசித்தவன் இயெரோனிம் மட்டும்தான்.

கதைசொல்லி தேவாலயத்துக்குள் போகிறான். எங்கும் நடமாட்டம், மகிழ்ச்சி, பரபரப்பு. பாடலின் வார்த்தைகளில் யாருமே ஊன்றி நிற்கவில்லை என்று கவனிக்கிறான். இதை உயிரை விட்டுக் கேட்கக்கூடிய ஒருவன் ஆற்றில் பரிசல் இழுத்துக்கொண்டிருக்கிறான் என்று அவனுக்கு நினைப்பு வருகிறது. அவனை மாற்றிவிட யாருக்கும் தோன்றவில்லை. விடிந்து திரும்பும்போதும் அவனேதான் இழுக்கிறான்.

இங்கே யாரும் யாரையும் தண்டிக்கவில்லை, கேலிகூட அதிகமில்லை. மத நிறுவனம் என்பது தனக்குள் இருக்கிற ஆழமான பக்தனை அடையாளம் தெரியாமலேயே நடந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். நம் ஊர்த் திருவிழாக்களில் செருப்புப் பாதுகாக்கிற இடத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவரையோ, மடப்பள்ளியில் வெந்துகொண்டிருப்பவரையோ நான் இந்தக் கதைக்குப் பிறகு கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பார்க்கிறேன்.

மூன்று கதைகளையும் சேர்த்து வைத்தால் ஒன்று தெரிகிறது. பக்தியின் ஏற்றத்தாழ்வு எந்த மத சமூகத்திலும் இருக்கும். அதை அந்தச் சமூகம் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. தெரெகோவ் வீட்டில் அதை அளக்கிறார்கள். ஷூகவோவில், சில சமயங்களிலாவது, அதைப் பகிர்கிறார்கள். மடாலயத்தில் அது கண்ணில் படுவதே இல்லை. அளப்பவன் வெறியனாக இருக்க வேண்டியதில்லை, என்னைப் போல ஸ்டிரிங்கையும் பூலியனையும் படித்துக்கொண்டிருக்கிற ஒரு நவீனப் பையனும் போதும்.

6

'கொலை'யின் முடிவு பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. யாகோவ் சகலின் தீவின் சிறையில் இருக்கிறான். 1890-ல் அந்தத் தீவுக்குப் போய், மூன்று மாதத்துக்கு மேல் தங்கி, கைதிகளை ஆள் ஆளாகச் சந்தித்துக் குறிப்பெடுத்தவர் செகாவ், அதனால் அந்தப் பக்கங்களின் குளிரும் இருட்டும் வாசிக்கிறவன் உடம்பில் ஏறுகின்றன. ஆனால் யாகோவ் அங்கே உண்மையான விசுவாசத்தைக் கண்டடைகிறான் என்பதைச் செகாவ் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போகிறார். பல ஊர்க் கைதிகளோடு வாழ்ந்து, அவர்கள் பாடுகளைக் கேட்டுக் கேட்டு அது வந்தது என்கிறார். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு இவ்வளவு போதுமா? அக்லாயாவுக்கு இதுகூட இல்லை. முதல் அடியை அடித்தவள், அண்ணன் பக்தியைத் தன் பக்தியாக வாழ்ந்தவள். தீர்ப்புக்குப் பின் அவள் மனதுக்குள் கதை நுழையவே இல்லை.

ஆனாலும் யாகோவின் கடைசிக் கேள்விக்காக இந்தக் குறையை விட்டுவிடலாம். புயல் அடிக்கிற ராத்திரியில், கப்பலுக்கு நிலக்கரி ஏற்றக் கைதிகள் கரையில் நிற்கிறார்கள். யாகோவுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. மனிதர்களுக்கு வாய்ப்பது ஏன் இவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது? மற்றவர்களுக்குப் பிறக்கும்போதே இனாமாகக் கிடைக்கிற ஒரு எளிய நம்பிக்கைக்குத் தான் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய விலை கொடுக்க நேர்ந்தது? செகாவ் பதில் சொல்வதில்லை.

அப்பாவுக்கு நம்பிக்கை இனாமாகக் கிடைத்தது. மறந்துபோனாலும் அது போகாது, அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கும். பெரியப்பா அதை ஒவ்வொரு நாளும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் அவ்வளவு விதி, அவ்வளவு பயம்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். பெரியப்பாவின் பூஜை அறையில் அவள் விளக்கு மட்டும் ஏற்றுகிறாள். மற்றதெல்லாம் தனக்குத் தெரியாது என்றாள். பேச்சு எங்கெங்கோ போய்ச் சாம்பாரில் வந்து நின்றது. நான்தான் ஆரம்பித்தேன். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது பெரியம்மா" என்றேன்.

"நீ என்ன கேட்டேன்னே அவுகளுக்கு ஞாபகம் இருந்துச்சோ என்னமோ" என்றாள். "வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா தூங்கலை. அப்பாவுக்குப் படைச்ச சோத்தை எலையில அப்படியே விட்டுட்டு வந்துட்டனே, வெங்காயம் தின்னா பாவமா, அப்பா சோத்தை விட்டது பாவமான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. எனக்கென்னல தெரியும்? தூங்குங்கன்னேன்."

"அப்பாகிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அதை ஒங்க அப்பாவும் வந்து கேட்டிருக்கலாம்ல?"

காபி கொடுத்தாள். பெரியப்பாவின் டம்ளரில்தான் கொடுத்தாள் என்று நினைக்கிறேன், விளிம்பில் அவர் பெயரின் முதல் எழுத்து இருந்தது. கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.